கிளியூர் அருவியும் மூன்று தையலும்

போன சனிக்கிழமை மகளுக்கு அருவி காட்டலாம் என்று ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது அவள் உள்ளங்காலில் மூன்று தையல். பீர் பாட்டில் சில்லு. இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கிளியூர் அருவிக்குப் போக மலையேறிப் பழகியிருக்க வேண்டியதில்லை. ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் போல இருக்கும், வண்டியை நிறுத்திவிட்டுப் படியிறங்கினால் போதும், என் அம்மாவே முட்டியை நொந்துகொண்டு கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிவிட்டார். மகள் படியை எண்ணிக்கொண்டே வந்தவள் இருநூறுக்கு மேல் கணக்கை விட்டுவிட்டாள். நாலு நாள் மழை பெய்திருந்ததால் 300 அடியிலிருந்து தண்ணீர் ஜோராகக் கொட்டியது. கோடையில் போனால் வெறும் பாறையைத்தான் பார்க்கலாம்.

சரி, படியைப் பற்றிச் சொல்கிறேன். படிக்குப் படி சிப்ஸ் கவர், மூலைக்கு மூலை குழந்தையின் டயப்பர், அதைக் கிளறிக்கொண்டு ஒரு குரங்குக் குடும்பம். 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் கவருக்கும் கப்புக்கும் தடை இருக்கிறதாம். அந்தக் குரங்குகளுக்கு யாராவது சொன்னால் தேவலை.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மேலே படகு விடுகிறோமே, அதே ஏரி நிரம்பி வழிந்துதான் இங்கே அருவியாக விழுகிறது. கரையில் நின்று பஜ்ஜி தின்றுவிட்டு ஏரியில் தட்டை வீசுகிற அதே ஆள், அரைமணி நேரம் கழித்துக் கீழே வந்து "மூலிகைத் தண்ணிப்பா" என்று வாயைத் திறந்து நிற்கிறான். நன்றாகக் குடி ராசா, நீ போட்டதுதான்.

அடியில் நாலு பேர் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தலைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், பாறைமேல் ஸ்பீக்கர் அலறியது, பக்கத்தில் பாட்டில்கள் வரிசையாக. "தம்பி, குழந்தைங்க இறங்கற இடம்" என்றேன். "ஃபேமிலியா வந்தா ஓரமா நில்லுங்கண்ணே" என்றான் ஒருவன். ஓரமாகத்தான் நின்றோம். அந்த ஓரத்தில்தான் சில்லு கிடந்தது, முந்தைய வாரத்து வீரன் எவனோ உடைத்துப் போட்டது.

குடிப்பதை நான் குறை சொல்லவில்லை. நிறைப் பாட்டிலை அத்தனை படி சுமந்து வரத் தெம்பு இருக்கிறது, காலிப் பாட்டிலைத் தூக்க மட்டும் கை வலிக்கிறதா? நீலகிரியில் 2022-ல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆக, நம் ரோஷத்துக்கு விலை பத்து ரூபாய். அதையும் கடைக்காரர் கையில் பிடித்துக்கொண்டால்தான் வருகிறது!

மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன். பின்னால் அம்மா, கைக்கு அகப்பட்ட சில்லுகளை ஒரு துண்டில் முடிந்து எடுத்து வந்தார். மேலே ஒரு குப்பைத்தொட்டி கண்ணில் படவில்லை. கடையில் இருந்தவரிடம் எங்கே போடுவது என்று கேட்டோம். துண்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இதை ஏம்மா மேல தூக்கிட்டு வந்தீங்க, அங்கயே போட்டிருக்கலாமே?"