தண்ணீரையும் சேர்த்துப் படம் எடுங்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா கடற்கரையில் எடுத்த கொக்குப் படங்களும் முதலைப் படங்களும் தினமும் கண்ணில் படுகின்றன. பெரும்பாலும் ஒரே அச்சு: பிளந்த வாய், அதில் ஒரு மீன், பின்னால் மங்கலாகப் பச்சை. இமையின் மடிப்பு வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பறவை எங்கே நின்றது, அந்த மீன் எப்படி அதன் வாய்க்கு எட்டியது என்பதற்குப் படத்தில் ஒரு தடயமும் இல்லை. என்னால் இதை ஏற்க முடியவில்லை. உப்புச் சதுப்பில் யார் எப்போது சாப்பிடுவார்கள் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. அதை வெட்டிவிட்டால் மிருகக்காட்சிசாலையில் எடுத்த படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

மர்ரல்ஸ் இன்லெட் பக்கத்தில் இருக்கும் ஹண்டிங்டன் பீச் ஸ்டேட் பார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் சாலை ஒரு கரைமேல் போகிறது. ஒரு பக்கம் கடல் ஏறி இறங்கும் உப்புச் சதுப்பு, மறுபக்கம் உப்பு குறைந்த குளம். இங்கே முதலை என்றால் அலிகேட்டர்; அவை குளத்துப் பக்கம்தான் அதிகம் தென்படும். இன்னொரு முதலைக் குடும்பமான குரோக்கடைல் வகைகளுக்கு நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. அலிகேட்டருக்கு அப்படி வேலை செய்யும் சுரப்பிகள் இல்லை. உப்புத் தண்ணீரில் ரொம்ப நாள் தாங்காது, நல்ல தண்ணீருக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஆனாலும் இரை தேடி ஓடைகளுக்குள் போய்வரும். நீல நண்டு தின்னும், சிறிய சுறாவைப் பிடித்துத் தின்றதுகூடப் பதிவாகியிருக்கிறது.

சதுப்புப் பக்கம் தினமும் இரண்டு முறை தண்ணீர் வடியும். ஸ்பார்டினா புல்லுக்குள் பரவிக் கிடந்த இறாலும் மடவைக் குஞ்சும் அப்போது ஓடைகளுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். கொக்குகளுக்கு இது நன்றாகத் தெரியும், ஓடை வாயில் போய் நிற்கும். ஸ்னோவி ஈக்ரெட் என்ற வெள்ளைக் கொக்கைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கால் கறுப்பு, பாதம் மட்டும் பளீரென்ற மஞ்சள். ஒரு பாதத்தை முன்னே நீட்டிச் சேற்றை நடுங்க வைக்கும், பதுங்கியிருந்தது வெளியே துள்ளும், கொத்திவிடும். இந்தப் பறவையின் தலையை மட்டும் க்ராப் செய்து போடுகிறவர்களை என்ன சொல்வது? வேலை செய்ததே அந்தப் பாதம்தானே!

வுட் ஸ்டார்க் என்ற நாரையின் கதை வேறு. நம் ஊர் மஞ்சள் மூக்கு நாரைக்கு இது நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்து கலங்கிய தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும். மீன் பட்டதும் 25 மில்லி விநாடியில் மூடிவிடும். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 50 மில்லி விநாடி இருக்கிறது. மொத்தக் காரியமும் அந்த இடைவெளிக்குள்ளேயே முடிந்துவிடலாம். அதனால் லென்ஸ் விலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, அந்த நாரை ஏன் அந்தக் குட்டையில் இறங்கியது என்று பார்க்கலாம். மீன் நெருக்கமாகச் சேர்ந்தால்தான் தொட்டுப் பிடிக்கும் இந்த முறை பலிக்கும். மீனை நெருக்குவது வடியும் தண்ணீர்.

தெற்கே ஏஸ் பேசின் பகுதியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பேர் ஐலண்ட், டானெலி என்ற வனவிலங்குப் பகுதிகளில் இருக்கும் பாத்திகளும் கரைகளும் ஒரு காலத்தில் நெல் வயல்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அடிமைகளாக வைக்கப்பட்ட மக்களும் அவர்கள் பிள்ளைகளும் சதுப்பை வெட்டிக் கட்டியவை. அன்றைய மரமதகு முறையில்தான் இன்றும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குகிறார்கள். மட்டம் இறங்கினால் மீன் ஒதுங்கும், அப்புறம் நாரை, கொக்கு, இளஞ்சிவப்புக் கரண்டிவாயன், முதலை எல்லாம் ஒரே பள்ளத்தில். மதகும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் அதில் முந்நூறு வருட வரலாறு நிற்கும். யாரும் எடுப்பதில்லை.

சரி, இதில் முதலையை வில்லனாக்கித் தலைப்பு வைப்பது என்ன நியாயம்? கொக்குகள் கூடு கட்டத் தேடிப் போவதே முதலை இருக்கும் தண்ணீருக்கு மேலேதான். மரமேறி முட்டை திருடும் ரக்கூன் அங்கே நீந்தி வரத் தயங்கும். தவறி விழும் குஞ்சு முதலைக்குப் போகும். கொடூரம் என்று தோன்றலாம், ஆனால் இரண்டு தரப்புக்கும் கட்டுப்படியாகிற ஏற்பாடு இது. விழும் குஞ்சை மட்டும் காட்டிவிட்டு மேலே நிறைந்திருக்கும் கூடுகளை ஃபிரேமுக்கு வெளியே விட்டால், நடந்ததில் பாதியை மறைத்ததாகத்தான் அர்த்தம்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது தீனி போட்டு எடுக்கும் படங்களைப் பார்த்தால். குளிர்காலத்தில் பறவை ஏராளம், முதலை அசையாது. சுமார் 21 டிகிரிக்குக் கீழே போனால் அது சாப்பிடுவதையே நிறுத்திவிடும். வெயில் ஏறி லேசாக அசைந்ததும் கோழித் துண்டை வீசி வாயைத் திறக்க வைக்கப் பார்க்கிறார்கள். தென் கரோலினாவில் இது சட்டப்படி குற்றம். மனிதனைக் கண்டால் சாப்பாடு என்று பழகிய முதலை கிட்டே வரும், புகார் போகும், பெரும்பாலும் அதைக் கொன்றுவிடுவார்கள். 1967இல் அழியும் இனமாக அறிவித்து, 1987 வரை பாடுபட்டு மீட்டெடுத்த உயிர் அது. நம் ஒரு படத்துக்காகச் சாக வேண்டுமா?

மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். போகும் முன் ஓத அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் வடியத் தொடங்கும்போது அங்கே இருங்கள். பெரிய லென்ஸோடு ஒரு 100-400 மி.மீ. ஜூம் லென்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள், அகலமாக எடுக்க அதுதான் வசதி. கரையோரம் உட்காராதீர்கள், முதலையிடமிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள். கொசு பயங்கரமாகக் கடிக்கும், முழுக்கைச் சட்டை அவசியம்.