இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை நிலத்திலிருந்து எழுதுங்கள்

அமெரிக்காவின் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் என்றதும் பேச்சு அதிபர் லிங்கனில்தான் தொடங்கும். உள்நாட்டுப் போருக்கு நடுவே, 1862 ஜூலை 2 அன்று, மாநிலங்களுக்கு அரசு நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் கல்லூரி நடத்தச் சொன்ன மோரில் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி கிடைக்க வழி பிறந்தது. உண்மைதான், பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் படிப்புக்குப் பணம் யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். நாடாளுமன்றத்தில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் என்பது சட்டத்தின் கணக்கு. இல்லினாய்க்கு 16 பேர் என்பதால் 4,80,000 ஏக்கர் கிடைத்தது. ஆனால் அந்த மாநிலத்துக்குள் அவ்வளவு அரசு நிலம் மிச்சமில்லை. அதனால் நிலத்துக்குப் பதிலாகப் பத்திரங்கள் வந்தன, ஒவ்வொன்றும் 160 ஏக்கருக்கு. பத்திரத்தை வாங்கியவர் மேற்கே எங்காவது போய் அரசு நிலத்தைத் தேர்ந்து தன் பெயருக்குப் பதிந்துகொள்ளலாம். பல மாநிலங்கள் ஒரே நேரத்தில் பத்திரங்களை விற்க இறங்கியதால் விலை சரிந்தது. இல்லினாய் பெரும்பகுதியை ஏக்கர் ஒரு டாலருக்கும் கீழே விற்றுவிட்டது. சுமார் 25,000 ஏக்கரை மட்டும் மினசோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் தனக்கென்று வைத்துக்கொண்டது.

அந்த மினசோட்டாவில் 1862-இல் என்ன நடந்தது? ஒப்பந்தங்களில் நிலத்தை இழந்து, தர வேண்டிய பணமும் சரியாக வராமல் பட்டினி கிடந்த டகோட்டா பழங்குடி மக்கள் அந்த ஆகஸ்ட்டில் போரில் இறங்கினார்கள். டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அந்தத் தண்டனைக்கு ஒப்புதல் தந்ததும் லிங்கன்தான். மோரில் சட்டத்துக்கும் இதற்கும் இடைவெளி ஆறு மாதம்கூட இல்லை. இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்தால் எதுவும் புரியாது.

பல்கலைக்கழகத்தின் ஆரம்ப நாட்கள் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1867-இல் இல்லினாய் தொழிற்பல்கலைக்கழகம் என்ற பெயரில் உருவாகி, 1868 மார்ச் 2 அன்று வகுப்பு தொடங்கியது. இருந்தது ஒரே ஒரு பெரிய கட்டடம். அதை எல்லாரும் 'யானை' என்றே கூப்பிட்டார்கள். முதல் தலைவர் ஜான் மில்டன் கிரிகரி, உழவும் இயந்திரமும் மட்டும் போதாது, இலக்கியமும் தத்துவமும் வேண்டும் என்று வாதாடினார். 1870-இலேயே பெண்களைச் சேர்த்தார்கள். 1876-இல் தொடங்கிய மோரோ சோதனை வயல்களில் இன்றும் மக்காச்சோளம் விளைகிறது. அந்த வயலில் நிழல் விழக் கூடாது என்பதற்காகப் பின்னாளில் பக்கத்து நூலகத்தையே தரைக்கு அடியில் கட்டினார்கள். ஒரு துண்டு மண்ணின் மேல் இவ்வளவு அக்கறை காட்டிய நிறுவனம் இது. அந்த அக்கறையைத்தான் மற்ற நிலத்தின் மேலும் கேட்கிறேன்.

'எல்லாம் பழைய கதை, விடுங்கள்' என்பவர்கள் சட்டத்தின் ஒரு விதியைப் பார்க்க வேண்டும். நிலம் விற்ற பணத்தை முதலீடு செய்து வட்டியை மட்டுமே செலவழிக்கலாம்; வளாகத்துக்கோ சோதனைப் பண்ணைக்கோ நிலம் வாங்க மட்டும் பத்தில் ஒரு பங்கு வரை எடுக்கலாம். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டக் கூடாது. அது தவிர, மூலப் பணமான முதல் என்றென்றைக்கும் குறையாமல் இருக்க வேண்டும். முதல் குறையவே கூடாது என்று சட்டமே சொல்லும்போது, கதை எப்படிப் பழையதாகும்?

ஆதாரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்திரம், பட்டா, பழங்குடி ஒப்பந்தம் எல்லாம் அரசுக் காப்பகங்களில் இருக்கின்றன. 2020-இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் லீ, பத்திரிகையாளர் டிரிஸ்டன் ஆதோன் ஆகியோரின் குழு அவற்றை ஒன்றோடு ஒன்று பொருத்தி, 52 பல்கலைக்கழகங்களுக்குப் போன சுமார் 1.07 கோடி ஏக்கர், ஏறக்குறைய 250 பழங்குடிச் சமூகங்களின் நிலம் என்று துண்டு துண்டாக வரைபடத்தில் காட்டியது.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. 1960-இல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் எழுந்தது இல்லினாயின் துணையோடுதான். 1971-இல் கோவையில் வந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதே மாதிரியில் கற்பித்தல், ஆராய்ச்சி, அதை உழவரிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கம் மூன்றையும் சேர்த்து நடத்துவது. அந்த மாதிரியைப் பாடமாக வைக்கும்போது டகோட்டா மக்களின் பெயரும் அந்தப் பாடத்தில் இருக்கட்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2022-இல், அந்த மாநிலத்தில் வசிக்கும், அரசு அங்கீகாரம் பெற்ற பழங்குடியின மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. இல்லினாய் அதைவிட ஒரு படி மேலே போய், தன் பத்திரங்கள் தொட்ட ஒவ்வொரு சமூகத்தின் பிள்ளைக்கும், எந்த மாநிலத்தில் இருந்தாலும், அந்தக் குறையாத முதலின் வட்டியிலிருந்து இடம் கொடுக்க வேண்டும்.