கெர்னல் மாறினால் திரை கறுப்பு

ராத்திரி 11.30க்கு லினக்ஸுக்கு அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று. அவசரமாக முடிக்க வேண்டிய வேலை இருந்த நாள் அது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடித்தேன். கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) வெளியே இருந்து வரும் டிரைவர்களை ஒவ்வொரு கெர்னலுக்கும் கம்பைல் செய்து தரும் கருவி டிகேஎம்எஸ். பழைய கெர்னலுக்கு கிராபிக்ஸ் மாட்யூல், அதாவது திரையை இயக்கும் டிரைவர், இருக்கிறது, புதியதற்கு இல்லை. கெர்னல் வந்திருக்கிறது, அதன் உள் அமைப்பை மாட்யூலுக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகள் வரவில்லை. ஹெடர் இல்லாமல் மாட்யூலை எதை வைத்துக் கம்பைல் செய்வது? அதையும் போட்டு பில்ட் செய்தால், மாட்யூலில் கையொப்பம் இல்லை என்று செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) வாசலிலேயே நிறுத்துகிறது. அப்புறம் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் பதிய ஒரு நீலத் திரை, ஒரு பாஸ்வேர்டு, இன்னொரு ரீபூட்.

கெர்னலோடு சேர்ந்தே வரும் டிரைவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. உள்ளே ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவரே அவற்றையும் திருத்திவிடுகிறார். வெளியே இருக்கும் டிரைவர்தான் 9, 10 வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பைத் துரத்திப் பிடிக்க வேண்டும். கெர்னலின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் உள் இடைமுகங்களை நிலையாக வைக்க மாட்டோம் என்பது கெர்னல்காரர்களின் வெளிப்படையான கொள்கை. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் மாட்யூல் தயாராகாத கெர்னலையே அடுத்த பூட்டுக்கு முதலில் நிறுத்துவது என்ன நியாயம்? டெர்மினலில் ஒரு வரி எச்சரிக்கையாவது வரக்கூடாதா?

கடைசியில், எந்தக் கெர்னலில் பூட் செய்வது என்று கேட்கும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு உட்கார்ந்தபோது மணி 10.