அவள் தொட்டால் விழுகிறது

வேலாயுதம்: எலக்ட்ரீஷியன் தம்பி, மெயின் போர்டில் இருக்கும் அந்தப் புதுப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய பீங்கான் பியூஸ் கட்டையையே மாட்டிக் கொடு. பொங்கலுக்கு வந்த என் மகன் இரண்டாயிரம் ரூபாய் செலவழித்து அதை மாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அதன் சுவிட்ச் தானாக விழுந்து கரன்ட் நிற்பதும், நான் எழுந்துபோய் அதைத் தூக்கிவிடுவதுமாகவே என் பொழுது கழிகிறது.

குமார்: எப்போதெல்லாம் விழுகிறது, ஐயா?

வேலாயுதம்: கிரைண்டர் ஓடும்போது. அதிலும் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். நான் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றால் விழுவதில்லை. என் மனைவி போய்க் கை வைத்த உடனே விழுகிறது. ஆகவே கிரைண்டரில் கோளாறு இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

குமார்: அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது?

வேலாயுதம்: வீட்டுக்குள் அவள் இருக்கும்போது அதை நான் வாய் திறந்து சொல்ல வேண்டுமா?

குமார்: ஐயா, அந்தப் பெட்டிக்கு ஆர்சிசிபி என்று பெயர். பேஸ் ஒயரில் போகிற மின்சாரம் முழுவதும் நியூட்ரல் ஒயர் வழியாகத் திரும்பி வருகிறதா என்று அது நொடிதோறும் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தாலும், வேறு ஏதோ வழியாக அது தரைக்குப் போகிறது என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடும். அம்மா கை வைக்கும்போது அது விழுகிறதென்றால், அந்த வேறு வழி அம்மாதான்.

வேலாயுதம்: ஒழுகுகிறது என்கிறாயா?

குமார்: ஆம்.

வேலாயுதம்: இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஒழுகும்?

குமார்: அந்த 30 மில்லியாம்பியர் என்பது சாமி படத்துக்கு முன்னால் எரிகிற 7 வாட் பல்பு எடுத்துக்கொள்ளும் அளவுதான். இரவும் பகலும் ஒழுகினால்கூட இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட்.

வேலாயுதம்: பத்துதானா? முதல் 100 யூனிட்டை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. அதற்குள் ஒழுகினால் ஒழுகிவிட்டுப் போகட்டும்.

குமார்: ஐயா, ஓர் உயிர் போவதற்கு ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அதுவும் அந்த 100 யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், பில் வராது.

(வேலாயுதம் சற்று நேரம் அந்தக் கணக்கை மனத்துக்குள் சரிபார்க்கிறார். பில் வராது என்ற பகுதி மட்டும் அவருக்குப் பிடித்திருப்பது முகத்தில் தெரிகிறது.)

வேலாயுதம்: அந்தப் பெட்டி தரமானதில்லை என்பதற்கு என்னிடம் வேறொரு சான்றும் இருக்கிறது. அதன் முகத்தில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று உள்ளது. லேசாகத்தான் அழுத்தினேன், வீடே இருட்டாகிவிட்டது. விரல் பட்டாலே விழுகிற பொருளை நம்பி எப்படிக் குடித்தனம் நடத்துவது?

குமார்: விழுகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தப் பொத்தானையே வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாமல் இருந்தால்தான் நீங்கள் என்னைக் கூப்பிட வேண்டும்.

வேலாயுதம்: என் தகப்பனார் 1978-இல் போட்ட வயரிங், தம்பி இது. தேக்குப் பட்டைக்குள் ஒயரை ஓட்டி, மூடி போட்டு, பித்தளைத் திருகு முடுக்கிய வேலை. அந்தப் பீங்கான் கட்டையில் பியூஸ் போய் எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. அதையல்லவா தரம் என்று சொல்ல வேண்டும்!

குமார்: நான் வந்தவுடன் அதைத்தான் பிரித்துப் பார்த்தேன். 5 ஆம்பியர் கட்டைக்குள் பியூஸ் கம்பிக்குப் பதிலாக மோட்டார் ஒயரிலிருந்து உருவிய செப்பு இழைகளை முறுக்கி வைத்திருக்கிறீர்கள். அது போகாது, ஐயா. அதற்கு முன்னால் ஒயர் போகும், தேக்குப் பட்டை போகும், உத்தரம் போகும், ஓடு போகும். எல்லாம் போன பிறகும் அந்தப் பியூஸ் மட்டும் சாம்பலில் முழுதாகக் கிடக்கும்.

வேலாயுதம்: அடிக்கடி போனதால்தான் கெட்டியாகப் போட்டேன்.

குமார்: அடிக்கடி போனது அது செய்த வேலை. உங்கள் தகப்பனார் காலத்தில் இந்த வீட்டில் என்னவெல்லாம் இருந்தன?

வேலாயுதம்: ஐந்து பல்பு, கூடத்தில் ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ.

குமார்: இப்போது அதே ஒயரில் பிரிட்ஜ், டிவி, மிக்ஸி, பின்புறத்துத் தண்ணீர் மோட்டார், அத்துடன் 2011-இல் தொடங்கிய விலையில்லாத் திட்டத்தில் வந்த இந்தக் கிரைண்டர், இத்தனையும் ஓடுகின்றன. விளக்குக்கு ஓட்டிய ஒயரில் மோட்டாரைக் கோத்தால் அது சூடாகத்தான் செய்யும். பவர் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தனியாக இழுக்க வேண்டும். மேலும், பழைய வழக்கப்படி நியூட்ரலிலும் ஒரு பியூஸ் கட்டை வைத்திருக்கிறார்கள். அது மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் ஒயரில் மின்சாரம் அப்படியே நிற்கும். கரன்ட் இல்லை என்று நம்பி நீங்கள் பல்பைக் கழற்றக் கை வைப்பீர்கள்.

வேலாயுதம்: நான் எதற்குக் கை வைக்கப் போகிறேன்? அதற்குத்தான் நீ இருக்கிறாயே.

குமார்: இந்தக் கிரைண்டர் பிளக்கின் மூன்றாவது கால் எங்கே, ஐயா?

வேலாயுதம்: நம் வீட்டுச் சுவரில் இருப்பது இரண்டு துளை. ஆகவே அதிகமாக இருந்ததை ரம்பத்தால் அறுத்துவிட்டேன். மின்சாரம் வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று, மூன்றாவது எதற்கு?

குமார்: வழிதவறி வருகிற மின்சாரத்தை அம்மாவின் கை வழியாக அனுப்பாமல் தரைக்குக் கொண்டுபோவதற்கு. மற்ற இரண்டையும்விட அதை நீளமாகச் செய்வதே, செருகும்போது அது முதலில் தொட வேண்டும் என்பதற்காகத்தான். அதுவும் எர்த்தும் இருந்திருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே பெட்டி விழுந்திருக்கும். இப்போது யாராவது தொடும்வரை காத்திருக்கிறது.

வேலாயுதம்: எர்த் இல்லாத வீடு என்று இதை நினைத்துவிடாதே. கொல்லையில் தென்னைமரத்தடியில் முறைப்படி குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாய் இறக்கியிருக்கிறோம். இன்றைக்கும் உறுதியாக நிற்கிறது. கன்றுக்குட்டியை அதில்தான் கட்டுகிறோம்.

குமார்: பார்த்தேன். குளியலறை கட்டியபோது எர்த் ஒயரைக் கொத்தனார் அறுத்திருக்கிறார். இப்போது அந்தக் குழாய்க்கும் உங்கள் வீட்டுக்கும் இருக்கிற ஒரே தொடர்பு கன்றுக்குட்டிதான்.

வேலாயுதம்: ஒயர் அறுந்த பிறகும் இத்தனை வருடங்கள் ஒன்றும் ஆகவில்லையே!

(இந்த வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லாத தெருவே எங்கள் திருவாரூர்ப் பக்கத்தில் கிடையாது. ஒன்று ஆகிவிட்ட வீட்டில் இதைச் சொல்ல யாரும் மிஞ்சியிருப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.)

குமார்: ஒன்றுமே ஆகவில்லையா? யாருக்கும் ஷாக் அடித்ததே இல்லையா?

வேலாயுதம்: எனக்கு ஒரே ஒருமுறை, கூடத்து மின்விசிறியின் ரெகுலேட்டரில் அடித்தது. அன்று மாலையே ஆளை வரவழைத்து அதை மாற்றிவிட்டேன்.

குமார்: அம்மாவுக்கு?

வேலாயுதம்: அவளுக்குச் சுருக்சுருக்கென்று அடித்துக்கொண்டுதான் இருக்கும். அவளுக்குப் பழகிவிட்டது. அதற்கும் நான் ஒரு வழி செய்திருந்தேன். மாவு அரைக்கும்போது மணைப்பலகையின் மேல் நிற்கச் சொல்லியிருந்தேன். இந்தப் பெட்டி வந்த பிறகு, மகன் சொன்னான் என்று பலகையை விட்டுவிட்டாள். அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

குமார்: ஐயா, உங்களுக்கு ஒருமுறை அடித்ததற்கு ரெகுலேட்டரை மாற்றியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வருடக்கணக்காக அடித்ததற்குப் பலகை கொடுத்திருக்கிறீர்கள். நான் வேலைக்குப் போகிற பழைய வீடுகளில் எல்லாம் இதையே பார்க்கிறேன்; ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்பவர் ஒருவர், இதெல்லாம் ஒரு ஷாக்கா என்று செருப்புப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்பவர் வேறொருவர்.

வேலாயுதம்: பலகைக்குக் கரன்ட் செலவு கிடையாது என்பதற்காகச் சொன்னேன். 100 யூனிட்டைத் தாண்டக் கூடாதே.

குமார்: சரி, அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, அந்தக் கிரைண்டரை ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள்.

வேலாயுதம்: நானா?

குமார்: கோளாறு கிரைண்டரில் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

வேலாயுதம்: எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, தம்பி.

குமார்: அம்மாவுக்கு?

வேலாயுதம்: அவளுக்கும்தான் இருக்கிறது. ஒரே மாத்திரையைத்தான் இருவரும் சாப்பிடுகிறோம்.

(உள்ளே பாத்திரம் ஒன்று வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்படுகிறது.)

வேலாயுதம்: செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்.

குமார்: ஒயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று காட்டும் மெக்கர் கருவியை வைத்து ஒயர்களைச் சோதித்த பிறகே முழுக் கணக்குச் சொல்ல முடியும். பட்டைக்குள் இருக்கும் ரப்பர் ஒயர், விரலால் தேய்த்தாலே உதிர்கிறது. அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். இன்றைக்குச் செய்ய வேண்டியவை, எர்த் ஒயரைப் புதிதாக இழுப்பது, மூன்று துளை பிளக் பாயின்ட் வைப்பது, கிரைண்டர் மோட்டாரைப் பிரித்துத் தண்ணீர் இறங்கிய இடத்தைச் சரிசெய்வது. அதுவரை கிரைண்டரை யாரும் தொட வேண்டாம். ஆர்சிசிபி இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

வேலாயுதம்: கூடத்துத் தேக்குப் பட்டையை மட்டும் எடுக்காதே. பார்வைக்காவது இருக்கட்டும்.

குமார்: இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஒயரை மட்டும் உருவிவிடுகிறேன்.

வேலாயுதம்: அந்தக் குழாயையும் அதே இடத்தில் விட்டுவிடு. கன்றுக்குட்டியைக் கட்ட வேறு முளை கிடையாது.

குமார்: முளைக்கான விலையையும் பில்லில் சேர்த்துவிடுகிறேன், ஐயா.