மூலிகை பெட்ரோல் இல்லை வே

போன ஞாயிறு நாகர்கோவில் கூட்டத்தில் நான் பேசிய ஒரு நிமிட வீடியோ எந்தெந்த குரூப்பில் ஓடுகிறது என்று எனக்கும் தெரியும். "தண்ணீரில் டீசல், அடுத்த மூலிகை பெட்ரோல் வந்தாச்சு" என்று தலைப்பு வைத்தவர் யாரென்றும் தெரியும். சிரிக்கும் இமோஜி போட்டவர்களில் நான் டியூஷன் எடுத்த பிள்ளைகளும் உண்டு. சரி, இருக்கட்டும்.

1996இல் ராமர் பிள்ளை காட்டிய மூலிகை பெட்ரோல் வித்தை, நாலு இலையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் என்றது. வீணாகும் காற்றாலை மின்சாரத்தை வைத்து, தண்ணீரிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் படகுக்கு டீசல் செய்யலாம் என்று நான் சொன்னது அதற்கு நேர் எதிர். மின்சாரத்தைக் கொட்டினால்தான் டீசல். தண்ணீர் வெறும் மூலப்பொருள், சக்தி முழுக்கக் காற்றாலையுடையது. போட்டதில் பாதி திரும்பினாலே பெரிய விஷயம் என்று மேடையிலேயே சொன்னேன். அதை மட்டும் அழகாக வெட்டிவிட்டார்கள்.

முறை இதுதான். நீராவியை 700-850 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் பீங்கான் செல்லுக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். நீரைப் பிரிக்கும் வேலையில் ஒரு பங்கை அந்தச் சூடே செய்துவிடும். மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் சாதாரண எலக்ட்ரோலைசரில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். நீராவி கையில் இருந்தால் இதில் 40 யூனிட் அளவில் முடியும். கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து விட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு. அதை டீசலாக்கும் பிஷர்-டிராப்ஷ் முறை 1920களிலேயே ஜெர்மனியில் கண்டுபிடித்தது. அந்த வினையில் கிளம்பும் சூடு அடுத்த நீராவிக்கு ஆகும். 2015இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இப்படிச் செய்த டீசலை அந்த நாட்டு அமைச்சர் தன் அரசுக் காரில் ஊற்றினார். அவரும் இலை காய்ச்சினாரா?

"பேட்டரி இருக்கும்போது இது எதுக்கு?" என்று கேட்கிறீர்கள். ஸ்கூட்டருக்கும் காருக்கும் பேட்டரிதான், சண்டையே இல்லை. ஆனால் நம் தூத்தூர் மீனவர்களின் ஆழ்கடல் படகு போனால் வாரக்கணக்கில் திரும்பாது. நடுக்கடலில் எங்கே சார்ஜ் போடுவீர்கள்? "காத்து சீசனுக்குத்தானே அடிக்கும், செல் ஆறினால் கெட்டுப்போகுமே?" சூடாக வைத்திருக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும், அதைச் சோலாரில் எடுக்க வெயில் இருக்கிறது. "விலை?" கூடுதல்தான். சோலாரும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, அப்போதும் இதே கூட்டம்தான் சிரித்தது.

போன ஆனியில் மச்சானைப் பார்க்க ஆரல்வாய்மொழி போயிருந்தேன். நிறுத்திய பைக்கைச் சாய்த்துவிடும் காற்று. எதிரே காற்றாலைகள் இறக்கையை விளிம்பாகத் திருப்பி வைத்துக்கொண்டு சும்மா நிற்கின்றன. ரிப்பேரா என்று கேட்டால், அங்கே வேலை பார்க்கும் பையன், "இல்லண்ணே, கரண்ட் கொண்டுபோற கிரிட்டுல இடமில்லையாம், நிறுத்தச் சொல்லிட்டாவ" என்கிறான். வயிறு எரிந்தது. வீணாய்ப் போகும் அந்தக் காற்றைத்தான் படகுக்கு டீசலாக்கலாம் என்றேன். தண்ணீரில் டீசல் என்று எங்கே சொன்னேன்?

அந்தச் செல்லுக்கு வேண்டியது சிர்கோனியா என்ற பீங்கான். அதை எடுக்க உதவும் சிர்கான் என்ற தாதுவை நம் மணவாளக்குறிச்சி மணலில் பிரிக்கிறார்கள். காற்றும் இங்கே, மணலும் இங்கே, இன்ஜினியரிங் காலேஜுக்கும் பஞ்சமில்லை. ஒரு சோதனை ஆலை கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, வீடியோ வெட்ட மட்டும் நேரம் இருக்கிறது. உடனே "அப்போ மணல் அள்ளுவதற்கு ஆதரவா?" என்று கிளம்புவீர்கள். இல்லை. என் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அந்தக் கரையில்தான் இருக்கிறார்கள், அதை இன்னொரு நாள் பேசலாம். முழு வீடியோவை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.