ராஜாஜி பற்றிச் சுற்றும் செய்தி: இரண்டு வரியில் இரண்டு தவறு

‘சேலத்து வக்கீல் ராஜாஜிதான் சென்னை மாகாணத்தின் முதல் முதல்வர், 1952 தேர்தலிலும் நின்று ஜெயித்து முதல்வரானார்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சேலத்து வக்கீல் என்பது மட்டும் சரி. 1900-ல் அங்கே தொழில் தொடங்கியவர், 1917-ல் நகராட்சித் தலைவரும் ஆனார்.

முதல் முதல்வர் அவர் அல்ல. 1920 டிசம்பரில் நீதிக்கட்சியின் சுப்பராயலு ரெட்டியார் அந்தப் பதவிக்கு வந்தார். கடலூர்ப் பக்கத்துக்காரர், அவரும் வக்கீல்தான்! உடல்நலக் குறைவால் சில மாதங்களிலேயே விலகியதால், பாவம், பலருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. அப்புறம் பனகல் அரசர், பி. சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர் என்று பலர் வந்து போனார்கள். ராஜாஜியின் முறை 1937 ஜூலையில்தான் வந்தது. காங்கிரஸிலிருந்து முதலில் வந்தவர் என்று எழுதியிருந்தால் சண்டையே இல்லை.

1952 கதை இன்னும் சுவாரசியம். 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152தான் கிடைத்தது. முதல்வராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். ராஜாஜி அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். அந்த வழியாகத்தான் முதல்வரானார். அப்போதே இது பெரிய சர்ச்சை.

முதல்வர்கள் வரிசையைத் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.