கூறு கட்டின போன்

(வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் செல்போன் சர்வீஸ் கடை. காசிமேட்டில் காலை வியாபாரத்தை முடித்த கையோடு பாக்கியம் அக்கா வருகிறார். மீன் வாசனை அவருக்கு முன்னால் வந்துவிட்டது. கல்லாவில் சலீம்.)

பாக்கியம்: தம்பி, புதுப் போன். அதுக்குள்ள போட்டோ எடுக்க இடமில்லை என்கிறது. இன்னா பேஜார் இது?

சலீம்: ரம்மி, ஜாதகம், கடன், எத்தனை அடி நடந்தீங்கன்னு சொல்கிற ஆப்... எதுக்குக்கா இத்தனை?

பாக்கியம்: நான் எங்கே போட்டேன்? டப்பாவைப் பிரிக்கும்போதே உள்ளே உட்கார்ந்திருந்தது. விடியறதுக்கு முன்னாடி ஏலத்துக்கு ஓடுகிறவளைப் பார்த்து, "இன்று குறைவாக நடந்திருக்கிறீர்கள்" என்கிறது. முதலில் அதைத் தூக்கு!

சலீம்: ரம்மி போயாச்சு. ஜாதகமும் போயாச்சு. நடை ஆப் மட்டும் போகாதுக்கா. "முடக்கு" என்றுதான் காட்டுகிறது.

பாக்கியம்: முடக்கினா?

சலீம்: தூங்கும். ஆனா இடத்தைக் காலி பண்ணாது.

பாக்கியம்: துட்டு கொடுத்தது நான், தூங்குறது அதுவா?

சலீம்: அதைப் போட்டது போன் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கே மேலேயிருந்து ஒரு கட்டு வந்துட்டிருந்தது. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வேணும்னா தேடல், குரோம், யூடியூப் எல்லாத்தையும் சேர்த்துப் போடணும் என்று அப்போ கூகுளோடு ஒப்பந்தம் இருந்தது. இது போட்டியைக் கெடுக்கிறது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

பாக்கியம்: அதில் எனக்கு எவ்வளவு வரும்?

சலீம்: ஒண்ணும் வராது. அரசாங்கத்துக்கு.

பாக்கியம்: சரி, அழிக்கவாவது விடச் சொன்னாங்களா?

சலீம்: ஆணையம் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதம் சரிதான் என்றது. ஆனா சில உத்தரவுகளை எடுத்துவிட்டது. "அழிக்கிறதைத் தடுக்கக்கூடாது" என்பதும் அதில் போச்சு.

பாக்கியம்: நல்ல பஞ்சாயத்து!

சலீம்: நீங்க மட்டும் என்னவாம்? அன்னிக்கு சங்கரா மீன் கேட்டேன். கூறில் மேலே ரெண்டு சங்கரா, அடியில் பூரா சின்னச் சின்ன காரப்பொடி மீன். "கூறைக் கலைக்க மாட்டேன்" என்றீங்க.

(வட சென்னையில் மீன்காரம்மாவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. சலீமுக்கும் இது தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டார்.)

பாக்கியம்: ஏலத்தில் என் கூடையே அப்படித்தான் வருது கண்ணு! மேலே பளபளன்னு பெருசு, அடியில் பொடி. ரெண்டையும் சேர்த்துத்தான் ஏலம் விடுறான். பொடியை நான் எங்கே கொட்டுறது? உன் தலையிலதான்.

சலீம்: போன் கம்பெனியும் இதையேதான் சொல்லும்.

பாக்கியம்: சொல்லட்டும். என் கூறு பிடிக்கலைன்னா பக்கத்தில் கன்னியம்மா உட்கார்ந்திருக்கா, அவகிட்டப் போலாம். இந்தப் போன் பிடிக்கலைன்னா நான் யார்கிட்டப் போவேன்?

சலீம்: ஆப்பிள் இருக்குக்கா.

(கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுகிறார்.)

பாக்கியம்: இந்தத் துட்டுக்குப் படகிலேயே பங்கு வாங்கிடுவேன்.

சலீம்: ஐரோப்பாவில் இன்னும் வேடிக்கை. விண்டோஸோடு மீடியா பிளேயரைச் சேர்த்து விற்றது, இன்னொரு தப்பு, ரெண்டுக்கும் சேர்த்து 2004-ல் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம். பிளேயர் இல்லாத விண்டோஸும் விற்கணும் என்று உத்தரவு. அவங்களும் விற்றாங்க. ஆனா விலை மட்டும் குறையலை.

பாக்கியம்: பொடியை எடுத்த பிறகும் அதே விலையா? எவன் வாங்குவான்?

சலீம்: கிட்டத்தட்ட யாருமே வாங்கலை.

பாக்கியம்: உத்தரவையும் மீறலை, வியாபாரமும் கெடலை! (யோசிக்கிறார்.) தம்பி, நாளைக்குக் கடைக்கு வா. உனக்காகக் கூறைக் கலைக்கிறேன். சங்கரா மட்டும் எடுத்துக்கோ.

சலீம்: நிஜமாவா? எவ்வளவுக்கா?

பாக்கியம்: கூறு விலைதான்.

சலீம்: ...காரப்பொடியோடவே கொடுத்துடுங்கக்கா.